காலிக் கட்டமும் பூஜ்யமும்

நோய் பற்றிய நம்பகமான தகவலுக்கு எங்கே போகணும்னு கேட்டா, எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: வாட்ஸ்அப்பை நம்பாதே, உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தைப் பார். நானும் சொந்தக்காரங்களுக்கு அதைத்தான் சொல்லிட்டிருந்தேன். இப்பவும் சொல்வேன். ஆனால் கோவிட் கால அறிவிப்புகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, அந்தப் பதில் பாதிதான் என்று புரிந்தது.

2020 மார்ச் 28 அன்று, கோவிட் காற்றில் பரவாது என்று அந்த நிறுவனம் ட்விட்டரில் அறிவித்தது. முன்னால் 'உண்மை' என்று ஒரு முத்திரை வேறு. அதற்கு 18 நாள் முன்பு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் உறுதியானவர்கள், இருக்கலாம் என்று கருதப்பட்டவர்கள் எல்லாம் சேர்த்து 53 பேருக்கு நோய். இருவர் இறந்தார்கள்.

அந்தச் சம்பவத்தின் முழு ஆய்வறிக்கை மே மாதம்தான் வெளியானது. அதனால் மார்ச்சில் தெரியாமல் இருந்தது தப்பில்லை. புது வைரஸ், மூன்று மாத அனுபவம், சுற்றிலும் வதந்தி. என் விமர்சனம் வேறு. டேட்டாபேஸோடு வேலை செய்றவங்களுக்குத் தெரியும், காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. காலி என்றால் இன்னும் தெரியாது. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை. அந்த ட்வீட் காலிக் கட்டத்தில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டது.

விளைவு சின்னதல்ல. எத்தனையோ வீடுகளில் பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவினோம். ஜன்னலைத் திறக்கணும்னு தோணவே இல்லை.

2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுக்கச் சொல்லிப் பகிரங்கமாக எழுதினார்கள். சில நாளில் நிறுவனம், நெரிசலான மூடிய இடங்களில் அது நடக்கலாம், மறுக்க முடியாது என்ற அளவுக்கு இறங்கி வந்தது. தளத்தின் கேள்வி-பதில் பக்கம் தெளிவாக மாறியது 2021 ஏப்ரல் 30 அன்று. அதுவும் பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கதை இன்னும் குழப்பம். 2020 செப்டம்பர் 18 அன்று காற்றுவழிப் பரவலைத் தளத்தில் சேர்த்தார்கள். வரைவு தவறுதலாக ஏறிவிட்டது என்று சொல்லி 21 அன்று எடுத்தார்கள். அக்டோபர் 5 அன்று வேறு வடிவில் மறுபடி சேர்த்தார்கள்.

கருத்து மாறுவது அறிவியலின் பலவீனமில்லை. சாதாரண மென்பொருளுக்கே ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று குறிப்பு எழுதுறோம். உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பக்கத்துக்கு அது வேண்டாமா? பழைய வாக்கியம் சத்தமில்லாமல் போய்ப் புதியது வந்தால், முன்பு படித்தவர் பழையதையே பிடிச்சிட்டு இருப்பார். மாற்றத்தைக் கவனித்தவரோ, 'இவங்க எதையோ மறைக்கிறாங்க' என்று வாட்ஸ்அப்புக்கே திரும்பிப் போவார்.

அதனால இப்ப யாராவது கேட்டா, தளத்தின் பேரோடு நிறுத்துறதில்லை. மூணு விஷயம் பாருங்கன்னு சேர்த்துச் சொல்றேன். பக்கத்தில் தேதி இருக்கா? முன்பு சொன்னதிலிருந்து எது மாறியதுன்னு சொல்றாங்களா? முக்கியமா, 'ஆதாரம் இன்னும் கிடைக்கலை'ன்னு சொல்றாங்களா, 'இல்லவே இல்லை'ன்னு அடிச்சுச் சொல்றாங்களா? இரண்டாவது வகை என்றால், எவ்வளவு பெரிய நிறுவனமானாலும், எதை எண்ணிப் பார்த்துச் சொல்றாங்கன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.