ராபினுக்குச் சம்பளம் எவ்வளவு?

போன மாதம் மாகறல் போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. அம்மா பிறந்த ஊர். திருமாகறலீஸ்வரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டீக்கடையில் வந்து நின்றால், பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய் டெக்ஸு!"

இந்தப் பூமியில் என்னை அந்தப் பெயரில் கூப்பிடக்கூடிய ஆள் ஒருவன்தான். திரும்பினேன். கிட் நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்து, லேசாகத் தொப்பை போட்டு.

லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக... டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர்கள் 1948-ல் உருவாக்கிய கௌபாய் ஹீரோ. கிட் வில்லர் அவரது மகன். கோடை விடுமுறைக்கு நான் மாகறல் வந்தால் நாங்கள் இருவரும்தான் டெக்ஸும் கிட்டும். துப்பாக்கிக்கு வேப்பங்குச்சி, குதிரைக்குத் தென்னை மட்டை. புத்தகம் என்னுடையது என்பதால் டெக்ஸ் வேஷமும் எப்போதும் எனக்குத்தான். பத்து வயதிலேயே முதலாளித்துவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது!

என் மகன் போட்டிருந்த டி-ஷர்ட்டில் பேட்மேனும் ராபினும் இருந்தார்கள். "யாருப்பா இந்தச் சின்னப் பையன்?" என்று விசாரித்தான் நண்பன். மகன் உற்சாகமாக முழுக் கதையையும் சொன்னான். அப்பா அம்மா இல்லாத பையன், பெரிய பணக்காரர் எடுத்து வளர்க்கிறார், ராத்திரியானால் இருவரும் முகமூடி போட்டுக்கொண்டு திருடர்களைப் பிடிக்கப் போவார்கள்... எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்:

"ராத்திரி பூரா கூடவே சுத்தறானே, அந்தப் பையனுக்கு சம்பளம் இன்னா குடுக்கறாரு?"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆனால் கேள்வி அருமையான கேள்வி. காமிக்ஸ் உலகம் இந்தக் கேள்விக்குக் கிட்டே வருவதற்கே ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

ராபின் பிறந்தது 1940-ல். பேட்மேன் அதற்கு முந்தின வருஷம்தான் வந்திருந்தார். இருட்டு, தனிமை, மௌனம். கதை எழுதிய பில் ஃபிங்கருக்கு ஒரு சங்கடம். ஹீரோ மனசுக்குள் நினைப்பதை எத்தனை நாளைக்குத்தான் எழுதுவது? பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்ஸன் மாதிரி. வாசகர்கள் சிறுவர்கள் என்பதால் அந்த ஆளும் சிறுவனாகவே இருந்துவிட்டால் வியாபாரத்துக்கும் நல்லது. ராபின் வந்ததும் விற்பனை இரண்டு மடங்கானது என்று சொல்வார்கள். விடுவார்களா? 1941-ல் வந்த கேப்டன் அமெரிக்காவுக்கு முதல் இதழிலேயே பக்கி என்று ஒரு பையன். அப்புறம் எந்த ஹீரோவைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு அரை டிக்கெட்.

அந்த ராபினின் உடையைக் கவனித்திருக்கிறீர்களா? பேட்மேன் தலை முதல் கால் வரை இருட்டோடு இருட்டாக இருப்பார். கூட வருகிற பையனுக்குச் சிவப்புச் சட்டை, பச்சை அரை டிராயர், பளிச்சென்று மஞ்சள் அங்கி. துப்பாக்கி வைத்திருப்பவன் முதலில் யாரைச் சுடுவான்? வளர்ப்புத் தந்தைக்கு இது தோன்றவே இல்லை. எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தப் பையன் அவர்களுக்கு ஒரு ஆளே இல்லை. ஒரு வசதி. நம்மூர் வார்த்தையில் சொன்னால், எடுபிடி.

'குழந்தைகள் கதையில் தங்களைப் பார்க்க ஒரு குழந்தை வேண்டாமா?' என்று கேட்பார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. மாயாவிக்கு எந்தப் பையனும் உதவிக்கு இல்லை. மின்சாரத்தில் கை வைப்பார், மறைவார், தனியாகவே எல்லாம் முடிப்பார். அந்தப் பழைய புத்தகங்களைப் படித்த நாங்கள் யாரும் மாயாவிக்கு உதவியாளனாக விரும்பவில்லை. எல்லோரும் மாயாவியாகவே இருந்தோம்! அமெரிக்காவில் ஸ்டான் லீக்கும் இந்த எடுபிடிப் பையன்கள் விஷயம் பிடிக்காது. ஸ்டீவ் டிட்கோவும் அவரும் சேர்ந்து 1962-ல் கொண்டுவந்த ஸ்பைடர்மேன் பள்ளிக்கூடப் பையன். ஆனால் யாருக்கும் உதவியாள் இல்லை. அவனே ஹீரோ.

அதன் பிறகுதான் மெல்ல மெல்ல மனசாட்சி உறுத்த ஆரம்பிக்கிறது. 1971-ல் க்ரீன் ஆரோ என்கிற ஹீரோ, ஊரெல்லாம் போதை மருந்துக் கும்பலைத் துரத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அவர் வளர்த்த பையன் ஸ்பீடியே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறான். ஊரைத் திருத்தியவருக்கு வீட்டைப் பார்க்க நேரமில்லை. எடுபிடிக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்று காமிக்ஸ் ஒப்புக்கொண்ட தருணம் அது. 1984-ல் முதல் ராபின் அந்த அரை டிராயரைக் கழற்றிப் போட்டுவிட்டு நைட்விங் என்று தனிப் பெயரோடு கிளம்பினான். வேலைக்காரப் பையன் தனிக்கடை போட்ட மாதிரி. நம்மூரில் லயன் காமிக்ஸ் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

கிளம்பியவன் இடத்துக்கு ஜேஸன் டாட் என்று இன்னொரு பையன் வந்தான். கொஞ்சம் முரடன். வாசகர்களில் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. 1988-ல் பதிப்பாளர்கள் செய்ததை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பையன் குண்டுவெடிப்பில் சிக்கிவிட்டான். 'பிழைக்கட்டுமா, சாகட்டுமா? போன் பண்ணிச் சொல்லுங்கள்' என்று இரண்டு எண்கள் கொடுத்தார்கள். ஒரு போனுக்கு ஐம்பது சென்ட். பிழைக்கட்டும் என்றவை 5,271 அழைப்புகள். சாகட்டும் என்றவை 5,343. எழுபத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் பையன் செத்தான்.

நான் பி.காம். படித்தவன். இதில் எனக்கு முதலில் தெரிவது வரவு-செலவுதான். விற்பனைக்காகக் கொண்டுவந்த பையனை, விற்பனைக்காகவே சாகடித்தார்கள். அதிர்ச்சி தரும் விஷயம் என்னவென்றால், அந்த வரிசையிலேயே நேர்மையான கதைகள் அந்தச் சாவுக்குப் பிறகுதான் வந்தன. பேட்மேனின் குகையில் அந்தப் பையனின் உடை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும். ஒவ்வொரு ராத்திரியும் அவர் அதைக் கடந்துதான் போக வேண்டும். 2005-ல் ஜேஸன் வேறு முகமூடியோடு திரும்பி வந்தான். அவன் கோபமெல்லாம் ஒன்றுதான்: என்னைக் கொன்றவன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான்? பேட்மேனிடம் பதில் இருந்தது. அது பையனுக்குப் போதவில்லை.

அதே 2005-ல் கேப்டன் அமெரிக்காவின் பக்கியும், செத்துப் பல வருஷமானவன், திரும்பி வந்தான். எழுத்தாளர் எட் புரூபேக்கர் ஒரு வேலை செய்தார். யுத்தத்தில் கொடி பிடித்த ஹீரோவின் கையில் கறை படக்கூடாது என்பதால், அழுக்கான வேலைகளை இந்தப் பையனிடம் கொடுத்தார்கள் என்று பழைய கதையையே மாற்றி எழுதினார். அரை நூற்றாண்டாகச் சிரித்துக்கொண்டே ஓடிவந்த பையன் ஒரே கதையில் சிறுவர் சிப்பாய் ஆகிவிட்டான். என்னைக் கேட்டால், இந்த வகைக் கதைகளில் உச்சம் இதுதான்.

நம் டெக்ஸ்-கிட் விஷயத்துக்கு வருவோம். 1950-ல் குழந்தையாக அறிமுகமான கிட் வளர்ந்து வாலிபனானான். அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டான். பக்கத்தில் கார்சன் கிழவர் சலித்துக்கொள்வார், டைகர் ஜாக் தடம் பார்ப்பார், கிட் எங்காவது மாட்டிக்கொள்வான், அப்பா வந்து மீட்பார். அன்பான குடும்பம், சந்தேகமில்லை. எனக்கு இன்றைக்கும் டெக்ஸ் என்றால் உயிர். ஆனால் நான் படித்த எந்தக் கதையிலும் கிட் ஒரு தடவைகூட, 'அப்பா, எனக்கு இந்தத் துப்பாக்கி வேலையே வேண்டாம்' என்று சொன்னதாக நினைவில்லை. அப்பாவும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி எழாத வரைக்கும் பையன் மகனாக இருந்தாலும் எடுபிடிதான்.

சட்டப்படி பார்த்தால் இன்னும் வேடிக்கை. நம்மூரில் 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினாலு வயசுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கவே கூடாது என்கிறது. அதற்கு விலக்கும் உண்டு. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம். ராபினும் பகலில் பள்ளிக்கூடம் போகிறவன். அப்பா தொழில்தான் செய்கிறான். 'ஆபத்தில்லாத' என்கிற ஒரு வார்த்தையில்தான் பேட்மேன் மாட்டுவார்!

இனி, எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிபுரம் கோர்வைப் பட்டு தெரியுமில்லையா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் முடியாது. ஒரு பக்கக் கரைக்காக, தறியில் பக்கத்திலேயே இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடாவைத் தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொரு ஆள் சின்னப் பையனாகவோ பெண்ணாகவோ இருந்த காலம் உண்டு. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையிலும் காஞ்சிபுரத்துத் தறிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிற பையன். பெயர் எந்தப் புடவையிலும் வராத பையன்.

ஆறாவது படிக்கும்போது என் கிட்டை அப்படி ஒரு தறிக்கு அனுப்பினார்கள். அவன் அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். அந்தக் கோடையில் நான் புதுப் புத்தகத்தோடு ஊருக்கு வந்தபோது கிட் இல்லை. நான் செய்ததெல்லாம், வேறொரு பையனைக் கிட் ஆக்கியதுதான். பேட்மேன் மாதிரியே!

கல்லூரியில் கணக்குப் பதிவியல் படிக்கும்போது ஒருநாள் சுருக்கென்றது. கொடுத்த முன்பணம், கொடுத்தவரின் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தில் வரும். அந்தச் சொத்து என் நண்பன்.

"சம்பளம் உங்கிட்ட குடுத்தாங்களாடா?" என்று இப்போது கேட்டேன். "எங்க? கடன் கழியுதுன்னுவாங்க. எவ்ளோ கழிஞ்சிதுன்னு யாருக்கும் தெரியாது" என்றான்.

மாகறல் கோயிலின் தல புராணத்தில் ஒரு பையன் வருகிறான். தினமும் ஒரு பழம் காய்க்கிற அதிசயப் பலாமரம் இந்த ஊரில் இருந்ததாம். அந்தப் பழத்தைத் தினம் ஒரு வீட்டார் முறை வைத்துச் சிதம்பரத்துக்குச் சுமக்க வேண்டும். நடராஜருக்குப் படைத்த பிறகு ராஜேந்திர சோழனுக்கு. ஒருநாள் அப்பா ஊரில் இல்லாததால் முறை ஒரு பையன் தலையில் விழுந்தது. மரம் இருந்தால்தானே ஊர் ஜனங்களுக்கு இந்தச் சுமை என்று அவன் மரத்தையே கொளுத்திவிட்டான். ராஜா அவனை நாடு கடத்தினார். அந்தக் கதைப்படி பார்த்தால், எங்கள் ஊரில் ராபின் ராஜினாமா செய்து ஆயிரம் வருஷமாகிறது!

நண்பன் தறியை விட்டு வெகு காலமாகிறது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். மகன் பாலிடெக்னிக் படிக்கிறானாம்.

"அவனுக்குத் தறி வேலை தெரியுமா?"

"நாடா எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னுகூடத் தெரியாது. தெரியவே வாணாம்."

பஸ் வந்துவிட்டது. ஏறப் போகும்போது தோளைத் தட்டினான். "டேய், அடுத்த தபா வரும்போது நாந்தான் டெக்ஸு. நீ கிட்டு. சரியா?"

சரி என்றேன். முப்பத்தைந்து வருஷம் தாமதமாகக் கொடுத்த பதவி உயர்வு.