நெடும்பணியும் பாராட்டுரையும்

புகழ்தற்கெனத் தனித்திணை வகுத்துக்கொண்ட மொழி தமிழ். தொல்காப்பியர் பாடாண் என வகுத்த அத்திணை இன்று எங்கே வாழ்கின்றது என வினவின், கவிதை நூல்களில் அன்று, விழா மேடையிலும் மலர்களிலும் பொன்னாடைக்கு முன் படிக்கப்பெறும் வாழ்த்து மடல்களிலும் வாழ்கின்றது என்பதே விடையாகும். இவ்வுரைகளை நாம் ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கருதுவதில்லை. அவற்றின் தரம் அத்தகையது என்பர் சிலர். தரங்குறைந்தமைக்கு நம் கருதாமையும் ஒரு காரணம் என்பேன்.

அவ்வுரைகளுள் ஒரு வகையை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்: சென்னைத் தொலைக்காட்சி நிலையத்திலும், அதன் பின் தோன்றிய தமிழ் அலைவரிசைகளிலும் நெடுங்காலம் பணிபுரிந்தோரைச் சிறப்பிக்கும் உரைகள். இவ்வகையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஒரு புலவரைப் பற்றிய பாராட்டுரை வெறுமையாய் முடியினும் அவர்தம் நூல் நின்று பேசும். சிற்பிக்குக் கல் உண்டு. செய்தி வாசித்தவர்க்கு என்ன உண்டு? 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் ஒளிபரப்புத் தொடங்கிற்று. அக்காலத்துச் செய்தியறிக்கை நேரலையாக வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்த அப்பொழுதே அது மறைந்தது. ஒளிநாடா விலையுயர்ந்திருந்த நாளில், பி.பி.சி. போன்ற பெருநிறுவனமே பதிந்த நாடாக்களை அழித்து அவற்றின்மேல் மீண்டும் பதிந்தது. 1960களிலும் 1970களிலும் அவ்வாறு இழந்த நிகழ்ச்சிகளின் படிகள் பிறர் கையில் இருந்து அவ்வப்போது மீட்கப்படுகின்றன. ஆதலின், ஒளிபரப்பாளர்க்கு எடுக்கும் பாராட்டுரை ஒரு மரியாதை மட்டும் அன்று. பல இடங்களில் அவர் பணிக்கு எஞ்சும் சான்றும் அதுவே. சான்று பொருளின்றி இருப்பின் பணியும் வரலாற்றில் இல்லையாகும்.

இவ்வுரைகளின் போக்கு ஏறத்தாழ ஒன்றேயாகும். முதற்கண் ஆண்டுக்கணக்கு வரும்: இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து. அடுத்துக் குரலைப் பற்றிய அடைமொழிகள் வரும். கணீர், கம்பீரம், தேன் என்னும் மூன்றைத் தாண்டி அவை செல்லுதல் அரிது. பின்னர், பாராட்டப்பெறுவோர் நம் வீட்டில் ஒருவராக இருந்தார் என்று கூறப்படும். இறுதியில் வாழ்த்து. இவ்வுரையில் பெயரை மட்டும் மாற்றின், அது வேறொருவர்க்கும் பொருந்தும். ஒருவர்க்கே உரிய புகழ் எல்லார்க்கும் பொருந்துமாயின் அஃது எவர்க்கும் உரியதன்று.

ஆண்டுக்கணக்கை முதலில் வைத்தல் குற்றமா எனலாம். பதிற்றுப்பத்தின் பதிகங்களை நோக்குக. ஒவ்வொரு பதிகமும் சேர மன்னனின் பிறப்பைக் கூறும். அவன் செய்த செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக உரைக்கும். பாடிய புலவரின் பெயரைத் தரும். பாட்டுகளின் பெயர்களையும் பெற்ற பரிசிலையும் குறிக்கும். இவையெல்லாம் முடிந்த பின்னரே அவன் இத்துணை யாண்டு வீற்றிருந்தான் எனச் சொல்லும். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனுக்கு 58 ஆண்டு. இளஞ்சேரல் இரும்பொறைக்கு 16 ஆண்டே. நாற்பத்திரண்டு ஆண்டு மிகுதியாக ஆண்டான் என்பதற்காக முன்னவனுக்கு ஒரு பாட்டும் கூடவில்லை; இருவர்க்கும் பத்தே. பதிகங்கள் மூலத்தோடு ஒரு காலத்தன அல்ல, பின்னோர் சேர்த்தன என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பல்யானைச் செல்கெழு குட்டுவன் இமயவரம்பனின் தம்பி என்னும் உறவை இன்று நாம் அறிவது பதிகத்தால். முதற்பத்தும் பத்தாம்பத்தும் மறைந்தன. அவற்றின் பதிகங்களும் மறைந்தன. அவற்றுக்குரிய சேரர் யாவர் என்பதை இன்றும் ஊகித்தே கூறுகின்றோம்.

கல்வெட்டிலும் இம்முறையே காணப்படும். முதலாம் இராசராசன் காலம் முதல் மெய்க்கீர்த்தி முன்னே நிற்க, ஆட்சியாண்டு அதன்பின் வருகின்றது. பிற்காலத்து மெய்க்கீர்த்திகள் சில அலங்காரத்தில் வளர்ந்து செய்தியில் மெலிந்தன. வரலாற்றாசிரியர் அவற்றிடம் சென்று வெறுங்கையோடு மீள்கின்றனர். நம் பாராட்டுரைகள் இப்பிற்கால வகையைச் சேர்ந்தன.

இனி, ஓர் உழைப்பைப் பாராட்டுவோன் எவற்றைக் கூறவேண்டும் என்பதற்கு நன்னூலாரின் பாயிர இலக்கணத்தைத் துணைக்கொள்ளலாம். நூலுக்குச் சொன்னதை ஒளிபரப்புக்குக் கொள்வது பொருந்துமா என ஐயுறுவோர் உளராயின், அவர்கள் சிறப்புப்பாயிரம் வேண்டும் செய்திகளை எண்ணிப் பார்க்க. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இவற்றுள் ஒன்றேனும் அடைமொழி அன்று, எல்லாம் செய்தி.

எல்லை என்பதை மட்டும் எடுத்துக் காண்போம். தொடக்க நாளில் சென்னை நிலையத்தின் அலை சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையுமே எட்டிற்று. தென்மாவட்டங்கள் பலவற்றுக்குச் சென்னை நிகழ்ச்சிகள் சென்றது கொடைக்கானல் மலைமீது உயர்திறன் கோபுரம் எழுந்த பின்னராகும். 1982 இல் இலங்கை ரூபவாகினி தொடங்கிய பின், நம் கடற்கரை ஊர்கள் சில சென்னையைக் காணுமுன்னரே கொழும்பைக் கண்டன. எழுபதுகளில் சென்னையில் வாசித்தவரைத் தமிழகம் முழுதும் அன்றே கண்டு மகிழ்ந்தது என்று மேடையில் கூறுவது அன்பின் மிகுதியாகலாம், உண்மை அன்று. அவ்வெல்லை எப்பொழுது விரிந்தது, விரிந்தபோது வாசிப்பவர் தம் சொல்லையும் விரைவையும் மாற்றிக்கொண்டாரா, நெல்லைக்கும் வேலூர்க்கும் பொதுவான ஒரு பேச்சுத்தமிழை எவ்வாறு அமைத்துக்கொண்டார் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். பெயரிலும் இத்தகைய பிழை நேர்கின்றது. 2024 சனவரி 19 முதல் டிடி தமிழ் என வழங்கும் அலைவரிசை அதற்குமுன் பொதிகை எனப்பட்டது; அதற்கும் முன்னர் அப்பெயரும் இல்லை. எண்பதுகளிலேயே ஓய்வு பெற்றவரைப் பொதிகையின் தூண் எனப் புகழ்தல், காலமும் நூற்பெயரும் ஒருங்கே வழுவியதாகும்.

நுதலிய பொருள் என்பதே இவ்வுரைகளில் முற்றும் விடுபடுவது. செய்தி வாசித்தல் என்னும் தொழில் யாது? அதனைக் குரல் என்னும் ஒரு சொல்லில் அடக்குதல் சிற்பத்தைக் கல் என்பது போலாம். செய்தி நிறுவனங்களினின்று வருவது பெரும்பாலும் ஆங்கிலச் செய்தி. அதில் வினை முன்னே நின்று செய்தியைத் திறக்கும். தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத் தொடரை அவ்வாறே நீட்டித் தமிழாக்கின், யார் இறந்தார், யார் வென்றார் என்பதை அறியக் கேட்போர் தொடரின் கடைசி வரை மூச்சடக்கி நிற்றல் வேண்டும். வாசிப்பவரும் மூச்சடக்கி நிற்றல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தொடரை எங்கே முறித்தார், வாசிப்பாளர் எங்கே நிறுத்தினார் என்பன உரைநடை வரலாற்றுக்கு உரிய செய்திகள். குறுந்தொடர் இக்காலத் தமிழ் உரைநடைக்கு எவ்வாறு வந்தது என்று நாம் எழுதும்போது நாளிதழைக் குறிப்பிடுகின்றோம், சிறுகதையைக் குறிப்பிடுகின்றோம், செய்தியறிக்கையைக் குறிப்பிடுவதில்லை.

எழுத்துப் பற்றிய இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. தமிழில் வல்லினத்துக்கு ஓரெழுத்தே. ஒலிப்பு இடம் நோக்கி வேறுபடும். தமிழ்ச்சொல்லில் இவ்வேறுபாட்டை மொழியின் இயல்பே காட்டிவிடும். அயற்பெயர்க்கு அவ்வியல்பு உதவாது. போலந்து, பொலிவியா என்னும் இரண்டும் பகரத்தில் தொடங்குகின்றன. கனடா, கானா என்னும் இரண்டும் ககரத்தில் தொடங்குகின்றன. ஒலிப்போ ஒன்றுபோல் அன்று. தாளில் எழுதியிருப்பது வாசிப்பவர்க்கு இதனைச் சொல்லாது. நாள்தோறும் புதிதாய் எழும் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் முன்னறிந்து, கேட்டுத் தெளிந்து, தயங்காமல் ஒலிக்க வேண்டும். அதே நாவில் ழகர ளகரமும் றகர ரகரமும் பிறழாதிருக்க வேண்டும். ஷோபனா ரவி, வரதராஜன் முதலியோரின் வாசிப்பைக் கேட்டுத் தம் ஒலிப்பைத் திருத்திக்கொண்ட தலைமுறை ஒன்று தமிழகத்தில் உண்டு. வகுப்பறையில் நாம் செய்ய முயன்று இயலாததை அவர்கள் நாடோறும் சில மணித்துளிகளில் செய்தனர். இதனைச் சொல்லும் பாராட்டுரை அரிது. புடவையின் கரையைச் சொல்லும் உரைகளோ பல.

தம் பெயரைத் தாமே கூறும் வழக்கமும் ஆராயத்தக்கது. தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று விலக்கி, அதற்கு நான்கு இடங்களில் மட்டும் விலக்களித்தார் நன்னூலார். செய்தி வாசிப்போர் நாள்தோறும் தம் பெயர் கூறுதல் அவ்விலக்குக்குள் வாராது, அது புகழ்ச்சியன்று. 1940 இல், போர்க்காலத்தே, பி.பி.சி. வானொலியின் செய்தி வாசிப்போர் தம் பெயரைக் கூறத் தொடங்கினர். பகைவர் போலிச் செய்தி ஒலிபரப்பின் கேட்போர் மெய்க்குரலை அடையாளம் காணவேண்டும் என்பதே அதன் நோக்கம். பெயர் ஈண்டு பொறுப்புக்கு இட்ட கையொப்பமாகும். தில்லி வானொலியில் நெடுங்காலம் தமிழ்ச் செய்தி வாசித்து 2022 இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியை அவர் முகம் காணாத பல்லாயிரவர் பெயரோடு நினைவுகூர்ந்தமைக்கு அக்கையொப்பமே காரணம். தொலைக்காட்சியில் முகமும் உடன் வந்தது. முகம் வந்தபின் பெயரின் இப்பொருள் மங்கி, பெயர் புகழின் அடையாளமாயிற்று. பாராட்டுரைகள் இரண்டாவதையே அறியும்.

யார் பாராட்டுதல் வேண்டும் என்பதிலும் நன்னூலார் தெளிவாக உள்ளார். ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகிய நால்வரே சிறப்புப்பாயிரம் செய்தற்குரியர். நால்வரும் தொழிலை உள்ளிருந்து அறிந்தோர். இன்றைய மேடையில் முதல் வரிசையில் அமர்வோர் அமைச்சர், திரைக்கலைஞர், விழாச்செலவை ஏற்ற வணிகர். உடன் பணியாற்றியோர்க்குக் காலம் இருப்பின் இரண்டு மணித்துளி தரப்படும். அவ்விரண்டு மணித்துளியில்தான் எப்பொழுதேனும் ஒரு செய்தி வெளிப்படுகின்றது என்பதை இவ்விழாக்களில் அமர்ந்தோர் அறிவர்.

முகம் தெரியாத பணியாளர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒளிப்பதிவாளர், ஒலிப்பொறியாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனையாளர், வயலும் வாழ்வும் நிகழ்ச்சிக்காக ஊர் ஊராய்ச் சென்று உழவரைப் பேசச் செய்தவர் ஆகியோர்க்கு நெடும்பணி என்பது ஓய்வு நாளன்று ஒரு மாலையோடு முடிகின்றது. தஞ்சைப் பெரியகோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு இவ்வகையில் நமக்கு நாணம் தருவது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் இன்ன ஊரினின்று வந்தவர், இன்ன சிறகில் இத்தனையாம் வீட்டில் இருப்பவர் எனப் பெயரோடு குறிக்கப்படுகின்றனர். ஒருவர்க்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். அவர்களோடு நட்டுவரும் பாடுவோரும் மட்டுமன்றிக் குடைபிடிப்போர், விளக்கிடுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகியோரும் கல்லில் ஏறியுள்ளனர். அங்கே ஓர் அடைமொழி இல்லை. ஆயிரம் ஆண்டு கடந்தபின் அக்கோயிலின் ஆடலையும் இசையையும் அன்றாட நடப்பையும் ஆராய்வோர் அப்பட்டியலிடமே செல்கின்றனர்.

பாராட்டு விழா அன்பின் வெளிப்பாடு, அதனிடம் ஆராய்ச்சியை எதிர்பார்த்தல் மிகை என்பது ஒரு மறுப்பு. நம் துறையிலேயே இதற்கு விடை உண்டு. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார்க்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் எடுத்த மணிவிழா மலர் போன்றவை ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தொகுதிகள். அவற்றில் அன்புக்குக் குறைவில்லை. ஔவையார் அதியமானைப் புகழுமிடத்து, ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் கருதிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை உவமையாக்கினார். காலத்தின் நீளத்தை அவர் எண்ணவில்லை. ஒரு பொருளின்மேல் செலுத்தப்பெற்ற கருத்தை எண்ணினார்.

ஆண்டுக்கணக்கை முன்வைப்பதில் இன்னொரு மறைப்பும் உண்டு. நிலையங்களில் செய்தி வாசித்தோருள் பலர் நிலையான ஊழியரல்லர். அழைத்த நாளுக்கு ஊதியம் பெற்ற பகுதிநேரப் பணியாளர். முப்பது ஆண்டுப் பணி என மேடையில் முழங்கப்படுவது, நிலையத்தின் கணக்கில் தனித்தனி நாள்களாகவே பதிந்திருக்கும்; ஓய்வூதியம் அதனடியாகப் பிறவாது. ஒருவர் எத்தனை நாள் அழைக்கப்பட்டார், எந்த அறிக்கைகளை வாசித்தார், எப்பொழுது அழைப்பு நின்றது என்பவற்றை ஒப்பந்தத் தாள்களினின்றும் நிகழ்ச்சி நிரல்களினின்றும் தொகுத்தெடுப்பது முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் செய்து முடிக்கத்தக்க பணி. அப்பணியாளருள் மூத்தோர் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். அவர்களிடம் நேரிற்சென்று கேட்டு எழுதுதல் அதற்கு முன் நிகழவேண்டும்.