கோர்த்த கையும் துளைத்த கையும்

கல்மணி நகைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, எந்த ராசிக்கு எந்தக் கல் என்ற பட்டியல். இன்னொன்று, அரை மணி நேரத்தில் வீட்டிலேயே பிரேஸ்லெட் செய்வது எப்படி என்ற செய்முறை. நகையை நகையாக வைத்து, இது நல்லா வந்திருக்கா, எதனால் என்று கேட்கிற எழுத்து குறைவு. இந்தக் குறிப்பில் அதைக் கொஞ்சம் முயன்று பார்க்கிறேன். நான் எடுத்துக்கொள்வது இன்று கைவினைச் சந்தைகளில் பரவலாகக் கிடைக்கிற ஒரு பொருளை: ரத்தினக்கல் மணிகளைக் கோர்த்து, ஒரு வெள்ளி சார்ம் தொங்கவிட்ட பிரேஸ்லெட். கூடவே ‘கையால் செய்தது’ என்று ஒரு சின்ன அட்டை இருக்கும்.

அந்த அட்டையில்தான் என் கேள்வி. யாருடைய கை?

பொருளைப் பிரித்துப் பார்ப்போம். 8 மி.மீ. மணி என்றால் ஒரு மணிக்கட்டுக்கு ஏறக்குறைய 22 வேண்டும். பிறகு எலாஸ்டிக் நூல், ஒரு வெள்ளி வளையம், ஒரு சார்ம். பழகிய கைக்கு இதைக் கோர்க்கக் கால் மணி நேரம் தாராளம். இதில் திறமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பட்டு நூலில் மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோர்த்த சரத்தைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். அது துணி மாதிரி மடிந்து விழும். கல்லும் கல்லும் உரசாது. நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் போகும், மொத்தமும் தரையில் உருளாது. முடிச்சு துளைக்குள் நழுவாத அளவுக்குப் பெரிதாகவும், கண்ணில் படாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்கணும். இது பழகிய கைக்குத்தான் வரும். எலாஸ்டிக்கில் கோர்த்தது விறைப்பாக நிற்கும், நாளாக ஆகத் தளரும். ஆகவே கோர்வையை மதிப்பிட அளவுகோல் உண்டு, அதைப் பயன்படுத்தவும் வேண்டும்.

ஆனால் மணி நகையில் மிகக் கடினமான வேலை, கோர்ப்பவர் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அது துளை. அகேட், சூதுபவளம், ஸ்படிகம், அமெதிஸ்ட் எல்லாம் குவார்ட்ஸ் குடும்பத்துக் கற்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் ஏறக்குறைய 7. சாதாரண இரும்பு ஊசியால் இவற்றைத் துளைக்க முடியாது.

குஜராத்தின் காம்பாத்தில் இது எப்படி நடக்கிறது என்று கெனோயர், விதாலே, குல்தீப் பான் மூவரும் ஆய்வு செய்து 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரூச் மாவட்டத்து ரத்தன்பூர் சுரங்கங்களிலிருந்து கல் வருகிறது. வெயிலில் காயவைத்து, பானையில் இட்டுச் சூடேற்றினால் மங்கலான பழுப்புக் கல் சிவந்து சூதுபவளமாகிறது. தரையில் நட்ட இரும்பு முனையில் கல்லை வைத்து, எருமைக் கொம்பால் ஆன சுத்தியால் தட்டித் தட்டி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு வில் துரப்பணம். அதன் முனையில் இரண்டு மிகச் சிறிய வைரத் துணுக்குகள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, இரண்டு பக்கமிருந்தும் துளைக்கணும். ஒரே பக்கமாகப் போனால் மறுமுனை சிதறிவிடும். இரண்டு துளையும் நடுவில் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சொல்வது எளிது.

ஹரப்பா நாகரிகத்தின் நீண்ட சூதுபவள மணிகளைப் பார்த்தால் இதன் எடை புரியும். அல்லாதினோவில் கிடைத்த ஒரு அணியில் அப்படி 36 மணிகள். வைரமுனை இல்லாத காலம். தனிவகைக் கல்லால் ஆன துரப்பண முனைகளால் துளைத்தார்கள். ஒரு மணிக்குத் துளையிட மட்டுமே பல நாட்கள் ஆகியிருக்கும். தொல்லியலாளர்கள் துளைக்குள் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து, எந்த முனையால் துளைத்தார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். மேல்பரப்பை யாரும் மெருகேற்றி மாற்றிவிடலாம். செய்தவரின் தடம் உள்ளேதான் தங்குகிறது.

நம் பக்கத்திலும் இதே கதை உண்டு. நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் உடைத்த கல், வடிவம் கொடுத்த கல், துளையிடாத மணி என்று வேலையின் ஒவ்வொரு கட்டமும் கிடைத்திருக்கிறது. அங்கே அது நகைக்கடை அல்ல, பட்டறை. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்று நாம் பெருமைப்படுகிறோம், சரிதான். அந்தப் பெருமையில் துளையிட்டவருக்கு ஒரு வரி ஒதுக்குகிறோமா?

இன்றைக்கு இந்தக் கேள்வி வெறும் மரியாதை பற்றியது மட்டுமல்ல, உயிர் பற்றியது. அகேட் என்பது கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. அதை மின்சாரச் சாணைச் சக்கரத்தில் உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வருகிறது. குணப்படுத்த மருந்து கிடையாது. காம்பாத்தில் பல குடும்பங்கள் வீட்டிலேயே தேய்ப்பதால் பக்கத்து வீட்டாருக்கும் பாதிப்பு. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும், தூசியை உறிஞ்சும் குழாய் வைப்பதும் ஆபத்தைக் குறைக்கும். அதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவு மணியின் விலையில் ஏறணும். சரம் சரமாக மலிவாக வாங்கி, கோர்த்து, ‘கையால் செய்தது’ என்று விற்கும்போது, அட்டையில் ஒரு கை தெரிகிறது, இன்னொரு கை மறைந்துபோகிறது. மணி இயந்திரத்தில் உருட்டித் துளைத்ததாகவும் இருக்கலாம். அதில் குற்றமில்லை. அதைச் சொல்லிவிட்டால் போதும்.

இந்த வார்த்தை யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் பாருங்க. நரிக்குறவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து பாசிமணி கோர்க்கிறார்கள். வாங்கிய மணி, கோர்த்த கை. செயல் ஒன்றேதான். அங்கே நாம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். குளிரூட்டிய அரங்கில் அதே செயலுக்குக் கலை என்று பெயர் வைத்து, பேசாமல் பணத்தை எடுத்து நீட்டுகிறோம்.

அடுத்து, பெயர்கள். ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்கு நீலச்சாயம் ஏற்றி டர்க்கோய்ஸ் என்கிறார்கள். ஓபலைட், செர்ரி குவார்ட்ஸ் என்று விற்பவை பெரும்பாலும் கண்ணாடி. இது புதுசு இல்லை. இந்தியர்கள் ஸ்படிகத்துக்குச் சாயமேற்றிப் பெரில் என்று விற்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவிட்டார். கண்ணாடி மணி அழகாக இருக்கலாம், கண்ணாடி என்றே விற்கலாமே.

வெள்ளி சார்முக்கு வருவோம். 925 முத்திரை என்றால் 92.5 சதவீதம் வெள்ளி. ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். இது பொருள் பற்றியது. வடிவம் பற்றி எனக்கு வேறு குறை உண்டு. கனமான சார்மை எலாஸ்டிக் சரத்தில் தொங்கவிட்டால் அது எப்போதும் மணிக்கட்டின் அடிப்பக்கம் போய்விடும். அணிபவருக்கே தெரியாது. கழுத்துச் சரத்தில் அதே எடை சரத்தை ஒழுங்காக இழுத்துப் பிடிக்கும். குழந்தைகளுக்குக் கட்டிய ஐம்படைத்தாலியில் சங்கும் சக்கரமும் வில்லும் வாளும் கதையும் எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும்: காவலுக்கு. இன்றைய சார்ம்களில் யானை, இறகு, சாவி எல்லாம் வருகின்றன. ஏன் இந்தக் கல்லோடு இந்த யானை என்று கேட்டால், பெரும்பாலும் பதில் ‘அழகா இருக்கும்ல’ என்பதுதான்.

அப்படின்னா நல்ல மணி நகை எது? என் அளவுகோல் மூன்று. கல் எது, சூடேற்றியதா சாயமேற்றியதா, எந்த ஊர்ப் பட்டறையில் துளைத்தது என்று செய்தவரால் சொல்ல முடியணும். கோர்வை கல்லின் எடைக்கும் அணியும் இடத்துக்கும் பொருந்தணும். மூன்றாவது, துளை. ஒரு லென்ஸ் எடுத்து துளையின் விளிம்பைப் பாருங்க. சிதறிக் கூராக இருந்தால் எவ்வளவு நல்ல முடிச்சு போட்டாலும் அது பட்டு நூலை அறுத்துவிடும். விளிம்பு வழவழப்பாக இருந்தால் நூல் வருடக்கணக்கில் நிற்கும். கோர்த்தவரின் பெயர் நிலைப்பதும் துளைத்தவரின் கையில்தான் இருக்கிறது. அட்டையில் அவருக்கும் ஒரு வரி எழுத இடம் இருக்கு.