விலங்கும் மூச்சும்

விலங்கு பூட்டிய காலோடு ஒருவன் தன் மூச்சைக் கவனிக்க முடியுமா?

இந்தக் கேள்வி 1975ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் மத்திய சிறையில் எழுந்தது. விபாசனா என்னும் பௌத்தத் தியானத்தைப் பத்து நாள் முகாமாகக் கற்பித்துவந்த எஸ். என். கோயங்கா, கைதிகளுக்குப் பயிற்சி தர அங்கே சென்றிருந்தார். கொடியவர் என்று குறிக்கப்பட்ட சிலரைக் கைவிலங்கோடும் கால்விலங்கோடும் கொண்டுவந்து நிறுத்தினர். விலங்கிட்டவனுக்கு அறம் புகட்ட மாட்டேன் என்று மறுத்தார் கோயங்கா. அதிகாரிகள் தயங்கினர், பிறகு இசைந்தனர். விலங்கு கழன்றது. அதன் பின்னரே மூச்சைக் கவனிக்கச் சொன்னார் ஆசான்.

'டூயிங் டைம், டூயிங் விபாசனா' என்ற 52 நிமிடப் படத்தை அண்மையில் நண்பர்களோடு கண்டபோது, இந்நிகழ்ச்சியே என் நெஞ்சில் நின்றது. இஸ்ரேல் நாட்டுப் பெண்கள் இருவர், அயலெத் மெனாஹெமியும் எய்லோனா ஏரியலும், 1997இல் உருவாக்கிய படம் அது. களம், தில்லித் திகார் சிறை. 1993இல் சிறைத்துறைத் தலைவராக வந்த கிரண் பேடி விபாசனாவை உள்ளே அழைத்தார். 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் அமர்ந்தனர். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் குழந்தைபோல் அழுகிறான். கல்லும் கரையும் காட்சிதான். கண் கலங்கியதை மறைக்க நான் முயலவில்லை.

தியானம் என்றதும் நம்மவர் முகத்தில் ஏளனச் சிரிப்பு அரும்புவது உண்டு. இங்கே சிரிப்பதற்கு இடம் குறைவு, தோழர்களே! சிலை இல்லை, சாம்பிராணி இல்லை, தட்சிணை இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கிறது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம்போல் அமர வேண்டும். பத்தாம் நாள்வரை வாய் திறக்கலாகாது. முதல் மூன்று நாள் மூச்சு. நான்காம் நாள் முதல் உடலில் தோன்றி மறையும் உணர்ச்சிகள். வலிக்கிறதா, வலியைப் பார். அரிக்கிறதா, அரிப்பைப் பார். சொறியாதே! சினமும் இவ்வாறே எழுந்து அடங்கும் என்பது பாடம். வீடு திரும்பியபின் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி இதையே தொடர வேண்டுமாம். துறவியின் தனிச் சொத்தாக இருந்த பயிற்சி, ஆங்கிலேயர் மண்டலையைப் பிடித்த 1885க்குப் பின் பர்மாவில் இல்லறத்தாரிடம் வந்தது. லேடி சயாடா என்ற துறவி அதற்கு வழி திறந்தார். கோயங்காவின் ஆசான் ஊ பா கின், விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர்! மடத்தின் மதில் இடிந்ததை நாம் ஏன் வெறுக்க வேண்டும்?

ஆனால் மாலைச் சொற்பொழிவுகளில் முற்பிறவிப் பதிவுகள் மேலே மிதந்து வருகின்றன. விஞ்ஞானம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறுபிறவிக்கு ஒரு மூலை ஒதுக்கியிருப்பதை ஒப்ப இயலாது.

படத்தின் பெருங்குறை அதுவன்று. திகாரில் அந்நாளில் அடைபட்டிருந்தோரில் மிகப் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர் அல்லர்; வழக்கு முடிவதற்குக் காத்திருந்தோர். குற்றவாளி என்று தீர்ப்பே வராதவன் தன் உள்ளத்தைக் கழுவி அழுகிறான். அவனை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்த நீதிமன்றம் எதைக் கழுவிற்று? படம் இந்த வாயிலில் நின்று தட்டவில்லை. அதே திகாரில் கைதியின் காலில் கிடந்த இரும்பைப் பற்றி 1978இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரின் பேனா அன்று பேசியது. மூச்சு அந்த இரும்பைத் தேய்க்கவில்லை. வழக்காடியதால் அது தளர்ந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கிலும் இந்தியச் சிறைகளில் நால்வருக்கு மூவர் விசாரணைக் கைதிகளே.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், துன்பத்தின் வேரை மனிதனுக்கு மனிதன் இழைக்கும் அநீதியில் தேடினார். அவர் கண்ட புத்தர் ஊருக்குள் நடப்பவர். இப்படத்தின் புத்தர் கண்மூடி அமர்ந்திருக்கிறார்.

எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் உண்டு. பிரம்பும் கையுமாகத் திரிந்தவர். சென்ற கோடையில் பத்து நாள் முகாம் சென்று மீண்டார். பிரம்பு மேசைக்குள் போயிற்று. பிள்ளைகள் அவர் வகுப்பில் சிரிக்கக் கற்றனர். எந்தச் சட்டமும் செய்யாததை அந்தப் பத்து நாள் செய்தது என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. பின்னர் ஒரு நாள், கட்டணம் கட்டாத மாணவன் ஒருவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தும்படி மேலிருந்து ஆணை வந்தது. பையன் வெளியே நின்றான். நண்பர் முகத்தில் சலனமில்லை, பாடம் நடந்தது. சினத்தோடு வினாவையும் துறந்துவிட்டாரோ என்று துடித்துப்போய் மாலையில் அவரிடமே கேட்டேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். "என் கோபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா. பையனைப் பார்க்க மறந்துவிட்டேன்" என்றார்.

மறுநாள் தலைமையாசிரியர் அறைக்கு அவரே சென்றார். குரல் உயரவில்லை, திரும்பியும் வந்துவிடவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தார். அமர்வதில் பயிற்சி உள்ளவர் அல்லவா! பையனைப் பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. நாளை நானும் உடன் செல்கிறேன்.