கந்தன் கருணையும் தணிகை மலையும்

நூலின் புகழும் கூத்தின் புகழும் ஒரே அளவையால் அளக்கப்படுவன அல்ல. நூலானது கற்பார் உள்ளளவும் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டுத் தன் தகுதியை நிலைநாட்டிக்கொள்ளும். கூத்தோவெனின் கண்டார் உள்ளத்தில் எஞ்சி நிற்பதொன்றினாலேயே வாழும். ஆதலின் ஒரு கூத்து நெடுங்காலம் போற்றப்படுமாயின், அதனால் மக்கள் உள்ளத்தில் எஞ்சி நிற்பது யாது என வினாவுதல் முறையாம். 1967-ஆம் ஆண்டில் ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் வெளிவந்த 'கந்தன் கருணை' என்னுந் திரைப்படம் அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பத்திப் படங்களுள் தலையாயவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டு வருகின்றது. அப்புகழ் இன்றும் அதற்குத் தகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் அப்படத்தின் பெருமைகளைக் கூறுதல் நடுவுநிலைமைக்கு அழகாகும். முருகனாகச் சிவகுமாரும், வீரவாகு தேவராகச் சிவாசி கணேசனும், தெய்வயானையாராகக் கே. ஆர். விசயாவும், வள்ளியம்மையாராகச் செயலலிதாவும், சூரபன்மனாக அசோகனும், ஔவையாராகக் கே. பி. சுந்தராம்பாளும் அதில் நடித்தனர். இந்திய அரசு சிறந்த திரையிசையமைப்பாளருக்கெனத் தேசிய விருது வழங்கத் தொடங்கியபோது அதனை முதன்முதற் பெற்றவர் இப்படத்திற்கு இசையமைத்த கே. வி. மகாதேவனே. படத்தின் பாடல்கள் இன்றும் திருக்கோயில் வாயில்களிலும், காவடி செல்லும் வீதிகளிலும் ஒலித்தலை யாவரும் அறிவர். திரைக்கென எழுந்த பாட்டு வழிபாட்டுப் பாட்டாகிவிடுதல் எளிதிற் கிட்டும் பேறன்று.

இத்துணைப் பெருமையுடைய படத்தை மீள ஆராய்தல் எற்றுக்கெனின், கூறுதும். முற்காலத்தில் கந்தபுராணம் திருக்கோயில்களிற் படித்துப் பொருள் சொல்லப்பட்டு வந்தது. ஈழத்து யாழ்ப்பாணத்தில் அப்படிப்பு மக்கள் வாழ்வோடு ஒன்றிக் 'கந்தபுராணக் கலாசாரம்' என்றே பெயர்பெற்றது. தமிழ்நாட்டிலோ அவ்வழக்கம் அருகிவிட்டது. பதினாயிரத்திற்கு மேற்பட்ட திருவிருத்தங்களையுடைய அப்பெருநூலை அறியாத பலருக்கும் கந்தபுராணமாவது இத்திரைப்படமே. நூல் இருந்த இடத்திற் கூத்து அமருமாயின், கூத்தின் குறை நூலின் குறையாகக் கருதப்பட்டுவிடும். ஆகவே இஃது ஒரு படத்தின் மதிப்பைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. கருணை என்னுஞ் சொல்லுக்கு மக்கள் கொள்ளும் பொருளைப் பற்றிய வழக்குமாகும்.

இதனை அளத்தற்குரிய உரைகல் எது? படத்தின் பெயர் கருணையைச் சுட்டுகின்றது. முருகன் திருப்பதிகளுள் கருணையின் நிறைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது திருத்தணிகை. ஆதலின் தணிகையே உரைகல்லாதற்கு உரியது.

படத்திற்கும் தணிகைக்கும் நேரான தொடர்பும் ஒன்றுண்டு. சீர்காழி கோவிந்தராசன் நக்கீரராகத் தோன்றி ஆறுபடை வீடுகளையும் பாடும் பாட்டு இப்படத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று. அதனுள் திருத்தணிகையும் ஒரு படைவீடாக வைத்து ஏத்தப்படுகின்றது. நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படையை நோக்குவார்க்கு ஈண்டு ஓர் ஐயம் எழும். பரங்குன்றம், சீரலைவாய், ஆவினன்குடி, ஏரகம், குன்றுதோறாடல், பழமுதிர்சோலை என ஆறு பகுதிகளையுடையது அந்நூல். தணிகை என்னும் பெயர் அதன்கண் யாண்டும் இல்லை. ஐந்தாவதாகிய குன்றுதோறாடல் ஓரிடத்தைச் சுட்டாது, குன்றுகள் யாவற்றினும் குறவரோடு கூடி ஆடுதலையே கூறுகின்றது. அதனைத் தணிகைக்கு உரியதாகக் கொண்டது பின்வந்தோர் வழக்கு. நூலாசிரியர் வாயிலேயே பிற்கால வழக்கைப் பெய்தது படத்தார் செய்த பிழையோவெனின், அன்று. குறமகளை மணந்த பெருமான் அம்மணத்தின்பின் அமர்ந்த மலை தணிகையாதலின், குன்றுதோறாடலைத் தணிகைமேல் ஏற்றிய வழக்குப் பொருத்தமுடையதே. அன்றியும், ஆந்திர நாட்டுச் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தொடு சேர்ந்தது. அதன்பின் ஏழாண்டு கழியுமுன், கல்லாதாரும் தணிகையை ஆறனுள் ஒன்றாக எண்ணிப் பாடுமாறு செய்தது இப்படம். இத்தொண்டு மறுக்கவொண்ணாதது.

இனி, தணிகை என்னும் பெயரின் பொருளை நோக்குவாம். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தின் இறுதியில் வள்ளியம்மை திருமணத்தை வைத்தார். வேடர்கள் முருகப்பெருமான்மேல் அம்பு தொடுக்கின்றனர். சேவற்கொடியின் ஆர்ப்பினால் மாண்டு வீழ்கின்றனர். பின்னர்ப் பெருமான் திருவருளால் வள்ளியம்மையார் சொல்ல உயிர்பெற்று எழுகின்றனர். சிற்றூரில் மணம் நிகழ்கின்றது. அதன்பின் பெருமான் தேவியாரோடு செருத்தணி மலையில் அமர்கின்றான். இம்மலையின் இயல்பு யாதெனத் தேவியார் வினவ, சூரனொடும் வேடரொடும் பொருத செருவின்கண் எழுந்த சினம் தணிந்து அமர்ந்தமையாற் செருத்தணி எனப் பெயர்பெற்றதென அவனே விடை கூறுகின்றான். எனவே புராணத்தின் நெடிய ஓட்டமெல்லாம் இத்தணிவில் வந்தே அடங்குகின்றது என்பது பெறப்படும்.

இப்பொருளைத் தணிகைத் திருக்கோயிலின் வழக்கமும் வலியுறுத்தும். ஏனைய முருகன் திருப்பதிகளிற் கந்தசட்டியின்போது சூரசங்கார விழா நிகழ, தணிகையில் அது நிகழ்வதில்லை. அந்நாளிற் பெருமானுக்கு மலர்களைக் குவித்துப் புட்பாஞ்சலியே செய்யப்படுகின்றது. செருத் தணிந்த இடத்திற் செருவை மீளக் காட்டுதல் பொருந்தாதென்பதே இதன் கருத்தாம்.

சித்தாந்த நோக்கிற் காணின் இவ்வழக்கத்தின் நுட்பம் மேலும் விளங்கும். சூரபன்மன் ஆணவமும், சிங்கமுகன் கன்மமும், தாரகன் மாயையுமாகக் கொள்ளப்படுவர். ஆணவமலம் அநாதி, அதன் சத்தி அடங்குமேயன்றி அது பொருளாக அழிந்தொழிவதில்லை. இதனாலேயே சூரன் மாய்க்கப்படாமல் மயிலுஞ் சேவலுமாகி, ஊர்தியும் கொடியுமாகப் பெருமானைச் சேர்கின்றான். இஃது அழித்தலன்று, தணித்தலாம். தந்தை தாயர் மக்களை ஒறுத்தலும் அன்பினாலேயாதல்போல இறைவன் ஒறுத்தலும் அருளே எனச் சிவஞானசித்தியார் உணர்த்தும். இதனையே மறக்கருணை என்பர் பெரியோர்.

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பின் படத்தின் குறை புலப்படும். படத்தைக் கண்டாரை அதனுள் சிறந்தது யாதென வினவினால், பெரும்பாலோர் வீரவாகுவின் நடையையும், சூரன் அவையில் அவர் முழங்கும் உரையையுமே கூறுவர். சிவாசி கணேசனின் நடிப்பாற்றல் அத்தகையது. அவ்வாற்றல் குறையன்று, அது கதையின் நிறையைத் தன்பாற் சாய்த்துக்கொண்டதே குறை. மகேந்திர காண்டத்தில் வீரவாகு செல்லும் தூது வீரத்தை விளம்புதற்கு எழுந்ததன்று. தேவரைச் சிறைவிடுத்து உய்கவெனச் சூரனுக்கு அளிக்கப்பட்ட வாய்ப்பே அது. தூது விடுத்ததே ஒரு கருணை. திரையிலோ அத்தூது வசையும் மறுவசையுமாகி, வென்றவர் யார் எனக் கைதட்டுதற்குரிய வழக்காடலாய் முடிகின்றது. உய்யுமாறு வேண்டி நிற்கும் குரல் அவ்வார்ப்பில் அமிழ்ந்துபோகின்றது.

திருமுருகாற்றுப்படை பெருமானின் ஆறு முகங்களின் தொழில்களை வகுத்துரைக்கும். உலகின் இருளகற்றுவது ஒன்று. அன்பர்க்கு வரங்கொடுப்பது ஒன்று. வேள்வியைக் காப்பது ஒன்று. மறைந்த பொருளை விளக்குவது ஒன்று. செறுநரைத் தேய்ப்பது ஒன்று. வள்ளியொடு நகை அமர்ந்தது ஒன்று. ஆறனுள் ஒன்றே போருக்கு உரியது. நக்கீரரைப் பாத்திரமாக்கிய படம் நக்கீரர் வைத்த இவ்வளவையைக் கைக்கொள்ளாது விட்டது வியப்பே.

அற்றேல், கந்தபுராணத்திலும் யுத்தகாண்டம் பெரிதாயிற்றே, படத்தை மட்டும் குறைகூறுதல் என்னையெனின், அறியாது கூறினாய் என்க. புராணத்திற் போர் நீண்டதாயினும் அதன் முடிவில் ஒரு பேரிடம் உண்டு. பெருமான் தன் பெருவடிவைக் காட்ட, சூரன் பகை மறந்து, இவனைத் தொழுதற்குக் கைகளும் ஏத்துதற்கு நாவும் உடையேனாதல் வேண்டும் என உருகுகின்றான். பின்னரே ஆணவம் மீள எழுந்து அவனைப் பற்றுகின்றது. பகைவன் உள்ளத்திலும் அருள் ஒருகணம் புகுந்து திகழ்ந்ததைக் கச்சியப்பர் காட்டினமையால், நெடும்போரும் கருணைக்கு அங்கமாயிற்று. திரைப்படத்தைக் கண்டார் நினைவிலோ சூரன் ஆரவாரமிக்க அரக்கனாகவே நிற்கின்றான். உருகிய சூரனாக நிற்பதில்லை.

அங்ஙனமாயினும், படம் பாமரர்க்கென எடுக்கப்பட்டது, அதன்பால் நுண்பொருளை எதிர்நோக்குதல் முறையோவெனின், அதுவும் பொருந்தாது. தணிகைப் படி ஏறும் பாமரர் சினந்தணிந்த பெருமானை அறிவர். அப்பொருள் அவர்க்கு எட்டாததன்று. எளியோர்க்குச் சொல்லுதல் என்பது பொருளை எளிதாக்குதலேயன்றிப் பொருளைக் குறைத்தலன்று.

வள்ளியம்மையார் பகுதியில் படத்தின் நிலை இதனினும் மேலானது. நாகராசன் டி. கே. எஸ். நாடகக் குழுவிற் பயின்றவர். சங்கரதாச சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடக மேடையில் ஊன்றிய மரபு அவர்க்கு இயல்பாக வாய்த்திருந்தது. அம்மரபின் சொல்லாடலும் நகையும் இப்பகுதியில் விளங்குகின்றன. காதல் விளையாட்டே மிகுந்து தோன்றினும், இறைவன் தினைப்புனம் காக்கும் உயிரைத் தானே நாடிவந்து ஆட்கொள்கின்றான் என்னும் உண்மை அங்கே கெடவில்லை.

பாடல்களைப் பற்றியோ ஐயமே இல்லை. வசனம் முழங்கும் இடங்களில் மறைந்த கருணை, இசை தொடங்கும் இடங்களில் வெளிப்படுகின்றது. சுந்தராம்பாளின் குரலிலும் சீர்காழியாரின் குரலிலும் சினம் இல்லை, கனிவே உண்டு. படத்தைக் கண்ணால் நோக்குவார்க்கு அது போர்க்கதை. செவியாற் கேட்பார்க்கு அது வழிபாடு.

ஆகவே இவ்வாராய்ச்சியின் முடிபு வருமாறு: இசைக்கூத்தாகவும், ஆறு திருப்பதிகளை நாட்டுமக்கள் நெஞ்சில் நிறுத்திய தொண்டாகவும் 'கந்தன் கருணை' பெற்ற புகழ் இன்றும் தகும், காலம் அதனைக் குறைக்கவில்லை. கந்தபுராணத்தின் திரைவடிவம் என வழங்கும் புகழோ அதற்குத் தகாது. என்னை, புராணம் சென்று அடங்கும் தணிவினை அது தன் நடுப்பொருளாகக் கொள்ளாமையின். பெயரிற் கருணையை வைத்தது; பெருமுழக்கைச் சினத்திற்கு அளித்தது.

ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, முந்நூற்றறுபத்தைந்து எனப்படும் தணிகைப் படிகளில் ஒவ்வொன்றிலும் நின்று அன்பர்கள் திருப்புகழ் பாடி ஏறுகின்றனர். வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் வகுத்த வழக்கம் அது. ஆண்டின் நாளெல்லாம் மூண்ட சினத்தைப் படிதோறும் விட்டு ஏறுதற்கு அது வாய்ப்பாம். படத்தின் பாடல்களில் ஈடுபட்டோர் அவற்றோடு நின்றுவிடாது, வள்ளியம்மை திருமணப் படலத்தையும் ஒருமுறை ஓதியுணர்வாராயின், திரை சொல்லாது விட்ட எஞ்சிய கருணையையும் பெறுவர்.