டஃபி வாசலும் கல்லீரல் உறக்கமும்

ராயபுரத்து மொட்டைமாடியில் மூடி உடைந்த சின்டெக்ஸ் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் புழு அனோபிலஸுடையது. தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டெபன்சி மாடித் தொட்டியிலும் கிணற்றிலும்தான் வளர்கிறது. அதன் வழியே இங்கே வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் ஒட்டுண்ணி.

அது சிவப்பணுவுக்குள் நுழைய டஃபி என்ற புரதம் மட்டுமே வாசல் என்று நெடுங்காலம் பாடம் நடந்தது. ஆதாரம் வலுவானதுதான். அந்தப் புரதம் இல்லாததால்தான் மேற்கு ஆப்பிரிக்கரை வைவாக்ஸ் அண்டுவதில்லை என்று 1976இல் லூயிஸ் மில்லர் குழு விளக்கியது. ஆனால் 2010இல், மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் வருவது தெரிந்தது. இளம் சிவப்பணுக்களில் இருக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியையும் அது பற்றிக்கொள்கிறது என்று 2018இல் காட்டினார்கள். 'ஒரே வாசல்' என்ற வாதம் இனி நிற்காது. 'தலைவாசல்' என்றால் நிற்கும்.

என்னை மலைக்க வைப்பது அடுத்த கட்டம். சிவப்பணு எதையும் தானாக விழுங்காது. ஒட்டுண்ணி புரண்டு, கூர்முனையை அணுவின் பக்கம் திருப்பி, தன் புரதம் ஒன்றையே அணுவின் சவ்வுக்குள் செலுத்துகிறது. பிறகு அதையே பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. பிடிமானத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறது! ஏறக்குறைய அரை நிமிட வேலை. நம் எதிர்ப்புரதங்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

அந்த அவகாசத்தை நம்பி, தில்லி ஐசிஜிஇபி ஆய்வகத்தில் உருவான டஃபி சார்ந்த தடுப்பூசியை ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, ஒட்டுண்ணி பெருகும் வேகம் ஏறத்தாழப் பாதியானது. மதிக்க வேண்டிய தொடக்கம். ஆனாலும் பாதி வேகத்தில் பெருகினால் காய்ச்சல் தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

அதைவிடப் பெரிய ஓட்டை கல்லீரல். கொசு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் போவது அங்கேதான். அதில் ஒரு பங்கு மாதக்கணக்கில் உறங்கிப் பிறகு எழும். ரத்தத்தின் வாசலைக் காக்கும் ஊசி இந்த உறக்கத்தைத் தொடாது. தொடுவது 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை.

ஆகவே வடசென்னைக்கு இன்று அந்த 14 நாள்தான் முக்கியம் என்பதே என் தீர்ப்பு. குளோரோகுயின் போட்டால் மூன்றாம் நாளே குளிர்ஜுரம் விட்டுவிடும். துறைமுகத்தில் லோடு இறக்கப் போகிறவர் மீதி பிரைமாகுயினை அலமாரியில் போட்டுவிடுவார். ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் பரிசோதனையும் முன்னால் வேண்டும். அந்தப் பரிசோதனையும், பதினான்காம் நாள்வரை வீடு தேடி வந்து 'மாத்திரை போட்டியாம்மா' என்று கேட்கும் ஒருவரும் எண்ணூர்க் கடைசித் தெருவரை வேண்டும்.