குற்றவாளியை நேரில் சந்திப்பதால் யாருக்குப் பயன்?

1974இல் கனடாவின் எல்மிரா என்ற சிற்றூரில் போதையிலிருந்த இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். டயர்கள் கிழிந்தன, ஜன்னல்கள் நொறுங்கின. நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சியின் யோசனையை நீதிபதி ஏற்க, இருவரும் வீடுவீடாகக் கதவைத் தட்டி, செய்தது தாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் நேரில் பேசும் மறுசீரமைப்பு நீதி உரையாடலின் இன்றைய வடிவத்துக்கு இதையே தொடக்கமாகச் சொல்வார்கள்.

இதனால் மறுபடி குற்றம் செய்வது குறைகிறது என்பதுதான் ஆதரவாளர்கள் முதலில் வைக்கும் வாதம். குற்றவியல் ஆய்வாளர்கள் ஹெதர் ஸ்ட்ராங், லாரன்ஸ் ஷெர்மன் ஆகியோரின் குழு 2013இல் பத்துச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. குறைவது உண்மை, ஆனால் கொஞ்சம்தான். அதுவும் பேச இசைந்தவர்களிடையே அளந்தது. இந்த ஒரு காரணத்துக்காக என்றால் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

பாதிக்கப்பட்டவரின் பக்கமிருந்து பார்த்தால்தான் இதன் மதிப்பு தெரிகிறது. நீதிமன்றத்தில் அவர் அரசுத் தரப்புச் சாட்சி. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கூண்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். வீடு புகுந்தவனிடம் அவர் கேட்க நினைப்பதோ வேறு: "ஏன் என் வீடு? உள்ளே பிள்ளைகள் தூங்கியது தெரியுமா? மறுபடி வருவாயா?" லண்டனில் வீட்டுத் திருட்டுக்கும் வழிப்பறிக்கும் ஆளானவர்களிடையே நடந்த சோதனையில், நேரில் பேசியவர்களுக்கு அதிர்ச்சியின் பின்விளைவுகள் குறைந்திருந்தன. வன்முறைக் குற்றங்களில் பலன் கூடுதல் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியிருந்தும் சிறார்களின் சில்லறைக் குற்றங்களுக்கே பெரும்பாலும் இதை ஒதுக்கிவைப்பது பெரிய தவறு.

கட்டப்பஞ்சாயத்துகளைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டு அஞ்சினால் அது நியாயமே. 2015இல் பாலியல் வல்லுறவு வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேச வசதியாகச் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. பேசவே மாட்டேன் என்றார் அந்தப் பெண். சில நாட்களில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சமரசத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஜாமீன் உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சென்னை வழக்கில் உரையாடல் குற்றவாளி வெளியே வருவதற்கான வழியாக்கப்பட்டது.

எனவே தண்டனை முடிவான பிறகே சந்திப்பு நடக்கட்டும். அதற்காகத் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. சந்திப்பைக் கேட்பவர் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். பாதியில் மனம் மாறினால் அவர் எழுந்து போகலாம். மிரட்டல் ஓயாத குடும்ப வன்முறையில் இது வேண்டவே வேண்டாம். கொலையுண்டவரின் தாய் கேட்டால், கைதியும் இசைந்தால், மறுக்கக் காரணமில்லை. சலுகை இல்லையென்றால் பல கைதிகள் வரமாட்டார்கள் என்பார்கள். வராமல் போகட்டும்; சலுகைக்காகக் கேட்கும் மன்னிப்பை அந்தத் தாயின் முன்னால் கொண்டுவந்து வைக்கக் கூடாது.